பதில்: 'அரிய தனிமம்' – மறுபரிசீலனை
அன்புள்ள குழுவினருக்கு,

நாம் தொகுக்கும் விசையாழி (டர்பைன்) கலைச்சொல் பட்டியலில், ரீனியம், கோபால்ட் போல எளிதில் கிடைக்காத தனிமங்களுக்கு 'அரிய தனிமம்' என்று போட்டிருப்பதில் எனக்குத் தயக்கம். 'ரேர் எர்த்' வகைக்கு 'அருமண் தனிமம்' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. படிக்கிறவர் இரண்டும் ஒன்றென்றே நினைப்பார். வேடிக்கை என்னவென்றால், அருமண் வரிசையில் உள்ள சீரியம் புவியோட்டில் ஏறத்தாழச் செம்பு அளவுக்குக் கிடக்கிறது.

ரீனியம் என்ற உலோகத்தையே பாருங்கள். நிக்கல் கலப்புலோகத்தில் 3 விழுக்காடு சேர்த்தாலே அணுக்கள் இடம்பெயர்வது மந்தப்படும். கடும் வெப்பத்தில் சுழலும் விசையாழி இதழ் (பிளேடு) மெல்ல மெல்ல நீள்வது, அதாவது 'கிரீப்' என்பதற்குப் போன மாதம் நாம் முடிவு செய்த 'ஊர்வு', அவ்வளவுக்குக் குறையும். ஆனால் இதற்கென்று சுரங்கம் தோண்டுவதில்லை. பெரும்பகுதி செம்புத் தாதுவோடு வரும் மாலிப்டினத்தை வறுக்கும்போது எழும் புகையிலிருந்து பிடிக்கிறார்கள். விலை ஏறுகிறதே என்று கூடுதலாக எடுக்க முடியாது. அதனால்தான் விமான எஞ்சின் செய்யும் ஜிஇ நிறுவனம், ரெனே என்5 என்ற தன் நிக்கல் கலப்புலோகத்தில் இருந்த 3 விழுக்காடு ரீனியத்தைப் பாதியாக்கி என்515 என்ற புதிய கலப்புலோகம் செய்தது. கோபால்ட் அந்த அளவுக்கு அரிதில்லை; ஆனாலும் உலக உற்பத்தியில் பாதிக்கு மேல் காங்கோ என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது. இரண்டையும் 'அரிய' என்ற ஒரே சொல்லில் அடைக்க முடியுமா?

தருமபுரிக்காரனுக்கு இது எளிதில் புரியும். ஒகேனக்கல்லில் காவிரி கொட்டும், ஊருக்குள் குடத்தோடு வரிசையில் நிற்போம். தண்ணீர் அரிது என்று யாரும் சொன்னதில்லை, 'தட்டுப்பாடு' என்றுதான் சொன்னோம்.

முதலில் 'தட்டுத் தனிமம்' என்று சுருக்கிப் பார்த்தேன். ஓசூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் மைத்துனரிடம் சொன்னால், "பிளேட்டா மாமா, எத்தனை எம்எம்?" என்றார். சரி, அது ஆகாது. 'தட்டுப்பாட்டுத் தனிமம்' என்றே பரிந்துரைக்கிறேன். நீளம்தான், ஆனால் யாருக்கும் விளக்கவுரை வேண்டாம்.

நம் குழுவில் அக்கா சொன்ன 'நெருக்கடித் தனிமம்' நல்ல சொல். அதைக் கொஞ்சம் மாற்றி 'நெருக்கடிக் கனிமம்' என்று வேறொன்றுக்கு, அதாவது 'கிரிட்டிகல் மினரல்' என்பதற்கு, வைத்துக்கொள்ளலாம். 2023-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட அத்தகைய 30 கனிமங்களின் பட்டியலில் ரீனியமும் உண்டு, செம்பும் உண்டு. செம்புக்குத் தட்டுப்பாடு என்று நம் பாத்திரக்கடைக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் நாட்டுக்கு அது நெருக்கடிதான்.

மாற்றுக் கருத்து இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அப்புறம் 'சிங்கிள் கிரிஸ்டல் பிளேடு' என்பதற்கான 'ஒற்றைப் படிக இதழ்' என்ற சொல் பாக்கி இருக்கிறது, அதில் எனக்கும் குழுவில் உள்ள ஐயாவுக்கும் ஒத்துவராது என்று இப்போதே தெரிகிறது.