புதுப்பிப்பு: படம் திறக்கும் நிரலைத் தனிமைப்படுத்துதல்
முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் படங்களைச் சிறிதாக்கும் நிரலை, தீய படம் ஒன்று அதைக் கைப்பற்றினாலும் கணினிக்குச் சேதம் வராதபடி லினக்ஸில் எப்படிப் பூட்டி வைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். சீரூட் (chroot) என்ற வசதி போதும் என்று சிலர் சொன்னீர்கள். போதாது. 1979-இல் யூனிக்ஸில் வந்த அந்த வசதி, நிரல் பார்க்கும் வேர் அடைவை (கோப்புகள் எல்லாம் தொடங்கும் மேல்மட்ட இடத்தை) மட்டுமே மாற்றுகிறது. ரூட் அதிகாரமுள்ள, அதாவது முழு நிர்வாக அதிகாரமுள்ள, செயல்முறை அதிலிருந்து தப்பிவிடும். இணைய இணைப்பும் திறந்தே கிடக்கும்.

இப்போது நிரல் சாதாரணப் பயனராக, தனி நேம்ஸ்பேஸ்களுக்குள் (கணினியின் மற்ற பகுதிகளை நிரலிடமிருந்து மறைக்கும் தடுப்புகளுக்குள்) ஓடுகிறது. இணையம் அறவே இல்லை. அதற்கு மேல் செக்காம்ப் வடிகட்டி. தேவையான கெர்னல் அழைப்புகளை (இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் நிரல் விடுக்கும் கோரிக்கைகளை) மட்டும் அது அனுமதிக்கிறது.

நேரத்தை விழுங்கியது இந்த வடிகட்டிதான். பழைய வழிகாட்டி ஒன்று தந்த அனுமதிப் பட்டியலில் கோப்பைத் திறக்கும் ‘ஓப்பன்’ அழைப்பு இருந்தது. நிரல்கள் கெர்னலை அழைக்கப் பயன்படுத்தும் இன்றைய ஜிலிப்சி (glibc) நூலகமோ கோப்பைத் திறக்க ‘ஓப்பன்அட்’ என்ற அழைப்பை விடுக்கிறது. அது பட்டியலில் இல்லாததால், தொடங்கியதுமே நிரலைக் கெர்னல் நிறுத்திவிட்டது. நிரல் விடுக்கும் அழைப்புகளைக் காட்டும் எஸ்டிரேஸ் (strace) கருவி கொண்டு பார்த்தேன். கடைசி வரிகளில் ‘ஓப்பன்அட்’, அடுத்து, தடைசெய்த அழைப்புக்காக நிரலை நிறுத்தும் சிக்சிஸ் (SIGSYS) சமிக்ஞை. இத்தகைய பட்டியலை அப்படியே நகலெடுக்காதீர்கள்; உங்கள் நிரல் உண்மையில் எதை அழைக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

எந்தக் கோப்பு திறக்கப்படுகிறது என்பதைச் செக்காம்ப் வடிகட்டியால் அறிய முடியாது. அதற்குக் கிடைப்பது பாதைப் பெயரின் நினைவக முகவரி மட்டுமே. இந்தக் குறையை 2021-இல் லினக்ஸ் 5.13 உடன் வந்த லேண்ட்லாக் என்ற கெர்னல் வசதி தீர்க்கிறது: ஓர் அடைவில் படிக்கலாம், இன்னொன்றில் எழுதலாம், வேறெதையும் தொட முடியாது. ரூட் அதிகாரமே தேவையில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

கெர்னலிலேயே ஓட்டை இருந்தால் இவ்வளவும் வீண்தான். அதனால் அடுத்து, தனக்கென்று தனிக் கெர்னல் கொண்ட மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.