வெள்ள நிவாரணம் கொண்டுபோக லொறி தேவை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். யாழ்ப்பாணம் சோனகத் தெருப் பொடியன்கள் சேர்ந்து வெள்ள நிவாரணம் சேர்க்கிறோம். அரிசி, பருப்பு, பால்மா, சாறம், நுளம்பு வலை எல்லாம் பள்ளிவாசலில் கட்டி வைத்தாச்சு. அடியில் கிடக்கிற அரிசி மூட்டைகளில் ஈரம் ஏறத் தொடங்கிவிட்டது. கிளிநொச்சிக்குக் கொண்டுபோக லொறி தரக்கூடியவர்கள் இருக்கிறீர்களா? டீசல் காசு நாங்கள் தருவோம். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எங்கள் பெற்றோர் வெறுங்கையோடு புத்தளம் போனார்கள்; அப்போது, முன்பின் தெரியாத சனம்தான் சோறு போட்டது. அந்தக் கடன் பெரியது.

பிறகு இன்னொரு உதவி. ஸகாத் (கடமையான தர்மம்) காசு குர்ஆன் சொல்லும் எட்டு வகையினருக்கே போக வேண்டும். ஸதகாவை (விரும்பிக் கொடுக்கும் தர்மத்தை) எந்தச் சமயத்தவருக்கும் கொடுக்கலாம். அதனால் இரண்டையும் கலக்காமல் எழுதுகிறோம். இப்படிக் கணக்கு வைத்துப் பழகியவர்கள் ஒருக்கா வந்து கொப்பியைப் பார்த்துச் சொல்லுங்கோ. இஷாத் தொழுகைக்குப் (இரவுத் தொழுகை) பிறகு பள்ளிவாசலில்தான் இருப்போம்.