9090 கிலோஹெர்ட்ஸில் கேட்ட கடிகாரத் துடிப்பு

காரைக்குடி நேயர்:

சென்ற மார்கழியில் ஓர் இரவு, மொட்டைமாடியில் கட்டியிருந்த செப்புக் கம்பியை என் சிற்றலை ரேடியோவுக்கு ஏரியலாக இணைத்து, வெளிநாட்டு நிலையங்கள் நிறைந்த 31 மீட்டர் பட்டைக்குச் சற்றுக் கீழே துழாவிக்கொண்டிருந்தேன். மணி 8.35 இருக்கும். 9090 கிலோஹெர்ட்ஸில் நொடிக்கு ஒன்றாக, சுவர்க் கடிகாரம் போல ஒரு துடிப்பு கேட்டது. குரலும் இல்லை, இசையும் இல்லை. என்னிடமிருந்த எந்த நிலையப் பட்டியலிலும் அந்த எண் இல்லை. உளவு நிலையங்களைப் பற்றி அளவுக்கு மீறிப் படித்தவன் நான் என்பதால், அப்போது மனம் எங்கே போயிருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

8.40-க்குத் துடிப்பு நின்றுவிட்டது. ஆனால் வழக்கமான இரைச்சல் திரும்பவில்லை. அதாவது, ஒலியைச் சுமந்துவரும் ஊர்தி அலை மட்டும், ஒலி ஏதுமின்றி, தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. சரியாக 8.45-க்குத் துடிப்பு மீண்டும் தொடங்கியது. 8.55-க்கு, அதுவரை ‘டிக்’ என்றிருந்த ஒலி சற்றே நீண்டு ‘பீப்’ என்றானது. 8.59-க்கு மோர்ஸ் வந்தது. எனக்கு மோர்ஸ் தெரியாதாகையால், காதில் விழுந்ததைக் கோடும் புள்ளியுமாக அப்படியே எழுதிக்கொண்டேன்: கோடு, மூன்று புள்ளி, புள்ளி, இரு கோடு, புள்ளி, இரு கோடு. திரும்பத் திரும்ப அதுவே வந்தது. பிறகு ஒரு பெண்குரல் சீன மொழியில் ஏதோ சொல்லி முடித்ததும், 9 மணிக்குத் துடிப்பு மறுபடியும் தொடங்கியது.

மோர்ஸ் அட்டவணையோடு ஒப்பிட்டபோது அந்த எழுத்துகள் பி.பி.எம். என்று அமைந்தன. அது சீனாவின் ஷான்சி மாகாணத்திலிருந்து நேரத்தை அறிவிக்கும் நிலையம், 2.5, 5, 10, 15 மெகாஹெர்ட்ஸ்களில் ஒலிபரப்புவது. நான் குறித்து வைத்திருந்த ஐந்து நிமிட மௌனம், நீண்ட துடிப்பு, 59-ஆம் நிமிட அறிவிப்பு ஆகிய அனைத்தும் அதன் நிரலோடு பொருந்தின. பொருந்தாதது அலைவரிசை ஒன்றுதான்.

குற்றம் என் ரிசீவருடையது. அது, காட்டும் எண்ணைவிட 455 கிலோஹெர்ட்ஸ் மேலே ஓர் அலையைத் தானே உண்டாக்கி, வரும் அலையோடு கலந்து, கிடைக்கும் 455-ஐ மட்டும் பெருக்குகிறது. 9090-இல் வைத்தால் அந்த உள் அலை 9545. அதற்கு மேலே 455 தள்ளியிருக்கும் 10,000-மும் அதே வித்தியாசத்தைத் தருமல்லவா? முன்பக்க வடிகட்டி பலவீனமாக இருந்தால் இரண்டுமே உள்ளே நுழைந்துவிடும். 10,000-க்குத் திருப்பிப் பார்த்தேன். அதே துடிப்பு, இன்னும் உரக்க. அன்றிலிருந்து, தெரியாத நிலையம் எது சிக்கினாலும் முதலில் 910-ஐ, அதாவது 455-இன் இருமடங்கை, கூட்டிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

நாகர்கோவில் நேயர்:

நேரம் குறித்ததால் தப்பித்தேன் என்று எனக்கும் ஓர் அனுபவம் உண்டு, ஐயா. 6676 கிலோஹெர்ட்ஸில் வாத்து பேசுவதுபோல் ஒரு குரல் வரும். சில நிமிடங்களில் மறையும். பின்னர் வேறொரு குரல் வரும். ஒற்றைப் பக்கப்பட்டை (எஸ்.எஸ்.பி.) முறையில் வரும் பேச்சைத் தெளிவாக்கும் பழைய செட் ஒன்று கைக்கு வந்த பிறகுதான், மேல்பக்கப் பட்டையில் வைத்ததும், அது ஆங்கிலமாகத் தெளிந்தது: விமான நிலையப் பெயர், காற்றின் திசை, பார்வைத் தொலைவு, காற்றழுத்தம். விமானிகளுக்கான வானிலை அறிவிப்பு அது. ஒரே அலைவரிசையைப் பல நகரங்கள் முறைவைத்துப் பயன்படுத்துகின்றன. கொல்கத்தாவுக்கு 5-ஆம், 35-ஆம் நிமிடங்கள், மும்பைக்கு 25-ஆம், 55-ஆம் நிமிடங்கள். நம் நேரத்துக்கும் உலக நேரத்துக்கும் ஐந்தரை மணி வேறுபாடு இருப்பதால், எந்தக் கடிகாரத்தைப் பார்த்தாலும் இந்த இணைகள் மாறுவதில்லை. ஒருநாள் குரல் தேய்ந்து ஊர்ப்பெயர் புரியாதபோதும், நிமிட முள்ளை வைத்தே யாரென்று சொல்ல முடிந்தது.

புதுச்சேரி நேயர்:

என் கதை சற்று வெட்கக்கேடானது. 4625 கிலோஹெர்ட்ஸில் ரஷ்யாவிலிருந்து வரும் புகழ்பெற்ற ரீங்காரத்தைப் பிடித்துவிட்டதாக மூன்று வாரம் நாட்குறிப்பில் எழுதிவந்தேன். ஒருநாள் மாலை மின்சாரம் போனது. பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த என் ரேடியோவில் ரஷ்யாவும் கூடவே போனது. மின்சாரம் வந்ததும் ரஷ்யாவும் வந்தது. எங்கள் வாசலில் எரியும் எல்.இ.டி. விளக்குதான் காரணம். பின்னர் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் இணையத்தில் திறந்து வைத்திருக்கும் ரிசீவரில் அசலைக் கேட்டேன்: விட்டு விட்டு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 25 முறை ஒலிக்கிறது. என்னுடையதோ ஓயாத இரைச்சல். மூன்று வாரத்தில் ஒருமுறையாவது எண்ணிப் பார்த்திருக்கலாம்.

காரைக்குடி நேயர்:

நாகர்கோவில் நண்பர் எழுதியதைப் படித்ததும் 6676-இலிருந்து 910-ஐக் கழித்துப் பார்த்தேன். நேற்று இரவு 8.35-க்கு 5766-இல் செட்டை வைத்துக் காத்திருந்தேன். மிக மெலிதாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமின்றி, வாத்து அங்கேயும் பேசியது.