போலோ ஜிடி டிஎஸ்ஐ: கூம்பு ஃபில்டர் போட்டால் இழுவை கூடுமா?

கணபதி_ஜிடி:

வணக்கம். என் வண்டி 2016 போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர் டர்போ, ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 68,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மாதம் இரண்டு தடவை கோவையிலிருந்து கோத்தகிரி வழியாக ஊட்டி போய் வருவேன். கொஞ்ச நாளாக மலையில் வண்டி சோம்பல் படுகிறது. மேட்டுப்பாளையம் வரை ஒன்றும் தெரியாது. கொண்டை ஊசியில் திரும்பி மிதித்தால்தான் யோசித்து யோசித்து ஏறுகிறது.

ஒரு கடையில் திறந்த கூம்பு ஏர் ஃபில்டரும் அலுமினியப் பைப்பும் சேர்த்து 24,000 ரூபாய் என்றார்கள். 15 ஹெச்பி கூடுமாம். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுகிற மாதம் வேறு. போடலாமா, வேண்டாமா?

லேத்துப்பட்டறை:

தம்பி, அவசரப்படாதீங்க. இதே வண்டியில் இதே வேலையைச் செய்து, நாலு மாதத்தில் கழற்றி வைத்தவன் நான். அந்தக் கூம்பு இன்னும் பட்டறைப் பரண் மேல் கிடக்கிறது.

டர்போ என்பது இன்ஜின் புகையால் சுழன்று, காற்றை இன்ஜினுக்குள் அமுக்கித் தள்ளுகிற விசிறி. டர்போ இல்லாத இன்ஜினுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இதில் மேனிஃபோல்டுக்குள், அதாவது இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்க்குள், எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை முடிவு செய்வது இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியூ. அந்த அளவு வந்ததும் வேஸ்ட்கேட் என்கிற கதவைத் திறந்து, மிச்சப் புகையை டர்போவைச் சுழற்றாமல் பக்கவழியாக வெளியே விட்டுவிடும். ஃபில்டர் லேசாக மூச்சு விட்டால் டர்போவுக்கு வேலை குறையுமே தவிர, இன்ஜினுக்குள் போகும் காற்று அதேதான். ஒரிஜினல் 105 பிஎஸ் (ஏறக்குறைய ஹெச்பி மாதிரிதான்) வண்டி 120 ஆவது மேப்பை, அதாவது இசியூவில் இருக்கிற கணக்கை, மாற்றினால்தான். பைப்பை மாற்றி அல்ல.

அப்படியானால் ஃபில்டரால் ஒன்றுமே இல்லையா? அதைத்தான் அளந்து பார்த்தேன். உக்கடத்தில் பழைய ஃபில்டர் பெட்டி ஒன்று வாங்கி, ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் ஒரு ஓட்டை போட்டேன். மேஸ்திரிகள் மட்டம் பார்க்கிற, உள்ளே தண்ணீர் தெரிகிற பிளாஸ்டிக் டியூப் இருக்கிறதே, அதை யூ மாதிரி வளைத்து, பாதி வரை நீலத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஓட்டையில் சொருகினேன். மறுமுனை திறந்தே இருக்கும். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் 10 செ.மீ. வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல் இழப்பு. நடுவில் ஒரு காலி பாட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரை டர்போ குடித்துவிடும். பக்கத்து சீட்டில் மச்சான் உட்கார்ந்து போனில் வீடியோ எடுத்தான்.

நீலாம்பூர் தாண்டி சேலம் ரோட்டில் விடிகாலையில், முழு மிதியில், 5,000 ஆர்பிஎம்மில்: 30,000 கி.மீ. ஓடிய பழைய ஃபில்டர் 31 செ.மீ. புதுக் காகித ஃபில்டர் 19. ஃபில்டரே இல்லாமல் 14. அதாவது புது ஃபில்டர் தடுப்பது வெறும் 5 செ.மீ., அரை கிலோபாஸ்கல். கோவையில் வெளிக்காற்றின் அழுத்தமே 96 கிலோபாஸ்கல் என்றால் அது எம்மாத்திரம்!

அப்புறம் கூம்பைப் போட்டு 60-லிருந்து 100 வரை ஐந்தைந்து தடவை ஓட்டினேன். சராசரி ஒரிஜினல் பெட்டியில் 5.9 நொடி, கூம்பில் 5.8 நொடி. என் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சை அமுக்குகிற தப்பே அதைவிடப் பெரிது. சத்தம் மட்டும் பிரமாதம், பொய் சொல்ல மாட்டேன். காலை எடுத்ததும் பாம்பு சீறுகிற மாதிரி உஸ் என்று வரும். பாதிப் பேர் காசு கொடுப்பது அதற்குத்தான், காது "வேகம் கூடிவிட்டது" என்று நம்பவைக்கும்.

நான் கழற்றியது சூட்டினால். கூம்பு பானட்டுக்குள் திறந்து கிடப்பதால் இன்ஜின் சூட்டையே இழுக்கும். அவிநாசி ரோடு சிக்னலில் வெளியே 36 டிகிரி, கூம்பின் வாயில் 64. காற்றின் அடர்த்தி 8 சதவீதத்துக்கு மேல் போச்சு. ஓட ஆரம்பித்தால் இறங்கிவிடும், அது உண்மை. ஆனால் கொண்டை ஊசியில் இருபதில் ஊர்கிறவருக்கு ஓட்டம் எங்கே?

உங்கள் மலைப் பிரச்சினைக்கு வேறு கணக்கு. ஊட்டி 2,240 மீட்டர், அங்கே காற்றழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல். மேனிஃபோல்டில் 160 வேண்டுமென்றால் கோவையில் டர்போ 1.66 மடங்கு அழுத்தினால் போதும், ஊட்டியில் இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் கீழே தெரியாத அடைப்பும் ஒழுக்கும் மேலேதான் காட்டிக்கொடுக்கும். முதலில் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்க. டர்போவிலிருந்து த்ராட்டில் (இன்ஜினுக்குக் காற்று விடும் வால்வு) வரை குழாய்களைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு கிளாம்ப்பையும் கையால் ஆட்டிப் பாருங்க. எண்ணெய்ப் பிசுக்கு எங்கே கசிந்திருக்கிறதோ, அங்கேதான் காற்றும் போகும்.

வேளச்சேரி_வெள்ளம்:

லேத்து அண்ணன் சூட்டைச் சொன்னார், நான் தண்ணீரைச் சொல்கிறேன். குளிர்ந்த காற்று வேண்டும் என்று ஃபில்டரை பம்பர் அடியில் இறக்கி வைத்தேன். வேறு வண்டிதான், அதுவும் டர்போ. ஒரு நவம்பர் மழையில் முழங்கால் தண்ணீருக்குள் ஓட்டினேன், நடுவில் டக் என்று நின்றுவிட்டது. தண்ணீர் காற்று மாதிரி அமுங்காது இல்லையா, பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு வளைந்துபோச்சு. இன்ஜின் இறக்கிய பில்லில் இன்னொரு பழைய வண்டியே வாங்கியிருக்கலாம். கம்பெனி காற்று இழுக்கும் அந்த மூக்கை உயரத்தில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

செட்டிபாளையம்_டிராக்:

மேப் போடும் யோசனை வந்தால் கியர்பாக்ஸை மறக்காதீர்கள். உங்களுடையது டிக்யூ200 என்கிற டிஎஸ்ஜி, எண்ணெயில் முங்காத உலர் கிளட்ச், 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வரைக்கும்தான் வடிவமைப்பு. வண்டி ஒரிஜினலாகத் தருவது 175. நடுவில் இடம் இருக்கிறது, ஆனால் மலையில் ஊர்ந்து ஊர்ந்து கிளட்சைத் தேய்க்கிறவருக்கு அது பெரிய இடம் இல்லை.

எண்ணெய் தடவிய துணி ஃபில்டரும் வேண்டாம் என்பேன். நம் ஊர்த் தூசி அதைத் தாண்டி உள்ளே போனால், நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் சுற்றுகிற டர்போவின் கம்ப்ரெசர் இறகின் விளிம்பை மணல் காகிதம் போலத் தேய்த்துவிடும்.

கணபதி_ஜிடி:

நன்றி அண்ணா. இன்று காலை பெட்டியைத் திறந்தேன். ஃபில்டர் கறுத்துப்போய், மடிப்புக்குள் வேப்பஞ்சருகு கைப்பிடி அளவு. போன சர்வீஸ் பில்லில் "ஏர் ஃபில்டர் மாற்றப்பட்டது" என்று காசு வாங்கியிருக்கிறார்கள்! டர்போவிலிருந்து வரும் குழாயில் ஒரு கிளாம்ப் விரலால் சுற்றும் அளவுக்கு லூசு, சுற்றிலும் எண்ணெய்க் கறை.

கிளாம்ப்பை இறுக்கிவிட்டு, புதுக் காகித ஃபில்டர் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி ஏறிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். மட்டக் குழாய் நாலு மீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். மச்சான்தான் இன்னும் கிடைக்கவில்லை.