செம்மண் ஊருக்கு ஏற்ற தெருக்கல் எது?

வணக்கம். காரைக்குடிப் பக்கம் எங்கள் கிராமத்தில் தேரோடும் வீதிக்குப் புதிதாகக் கல் பதிக்கப் போகிறார்கள். முதலில் சாம்பல் நிற சிமெண்ட் பேவர் (அச்சில் வார்த்த தரைக்கல்) என்றுதான் பேச்சு. மண்ணும் சிவப்பு, பழைய மதில்களும் செம்புராங்கல். நடுவில் சாம்பல் தெரு ஒட்டவே ஒட்டாது. ஊர்க் கூட்டத்தில் சொன்னோம். சரி, நிறத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றுவிட்டார்கள்.

போன ஐப்பசியில் சிவப்புச் சாயம் கலந்த 80 மி.மீ. கனமுள்ள பேவரைக் கோயில் முன்னால் கொஞ்ச இடத்தில் பதித்துப் பார்த்தோம். மழை ஓய்ந்ததும் மேலே வெள்ளையாக உப்புப் பூத்தது. தை பிறப்பதற்குள் வெளிறிய ரோஸ் நிறமாகிவிட்டது. அமிலம் ஊற்றிக் கழுவியும் பழைய நிறம் வரவில்லை. அப்புறம் செம்புராங்கல்லையே பாவினோம். பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் டிராக்டர் சக்கரத்தில் ஓரம் பொடிகிறது. கிரானைட் பலகை வெயிலில் கொதிக்கும், வெறுங்காலோடு வடம் பிடிப்பவர்களால் நிற்க முடியாது. ஆத்தங்குடிக் கல் என்கிற கைவேலைத் தரை ஓடு வீட்டுக்குள் போடுவது. தெருத் தண்ணீர் ஊருணிக்குப் போவதால் ரசாயனப் பூச்சும் வேண்டாம்.

தேரையும் டிராக்டரையும் தாங்கி, சில வருடமாவது செம்மண் நிறம் வெளுக்காமல் கிடக்கிற கல்லோ பேவரோ உங்கள் ஊர்த் தெருவில் இருந்தால், அது என்ன வகை?