ஊரடங்கில் ஆஸ்பத்திரிக்கு ஆள் வராதது நல்ல செய்தியா?

கண்டிச்சீமை:
இலங்கையில் 2020 கொரோனா ஊரடங்கில் உயிரை மாய்க்க முயல்வோர் கூடுவார்கள் என்று எல்லோரும் பயந்தார்கள். நடந்தது வேறு. கண்டிக்குப் பக்கத்தில் உள்ள பேராதனை போதனா வைத்தியசாலைக்கு நஞ்சருந்தி வந்தவர்கள், முந்தைய போக்கை வைத்து எதிர்பார்த்ததை விட 32 சதவீதம் குறைவு. 2021இல் லான்செட் சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு இது. பயந்தது வீண் என்றுதான் சொல்வேன்.

மஸ்கெலியாக்காரி:
வராத ஆள் எந்தப் புத்தகத்தில் பதிவாவார் அண்ணா? மார்ச் 20 ஊரடங்கு போட்டதும் பஸ் நின்றது. ஊரடங்குப் பாஸ் இல்லாமல் திரீவீலர்காரர் வர மாட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனால் தனிமைப்படுத்தல் முகாமுக்கு ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் வேறு.

கண்டிச்சீமை:
சின்னக் காயத்துக்கு வராமல் இருப்பார்கள், சரி. நஞ்சு குடித்தவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டா இருப்பார்கள்? 1990க்கு எடுத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இருந்ததே. நம் நாட்டில் இது பெரும்பாலும் சண்டை போட்ட சூட்டில் நடப்பது. 1995இல் இலட்சத்துக்கு 47 பேர் வரை தற்கொலையில் போனார்கள். கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு அது பெரிதாக இறங்கியது. அந்தச் சண்டைச் சூடு தணியும் நேரம் தாண்டினால் ஆள் பிழைத்துக்கொள்வார். ஊரடங்கில் தவறணை என்ற சாராயக் கடையும் மூடிக் கிடந்தது, குடும்பமும் பக்கத்தில் இருந்தது.

மஸ்கெலியாக்காரி:
தவறணையை மூடினால் கசிப்பு என்ற கள்ளச் சாராயம் வராதா? குடும்பம் பக்கத்தில் இருந்ததாம்! கொழும்புக் கடைகளில் நின்ற பிள்ளைகள் சம்பளம் இல்லாமல் திரும்பி வந்து, தோட்டத்து லயத்தில் ஒரே அறையான காம்பராவில் எட்டுப் பேர் படுத்தோம். சண்டைக்கு வேறு காரணமா வேண்டும்?

கண்டிச்சீமை:
தேயிலைத் தோட்டம் மூடவில்லையே அம்மா. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய் மலையில் நாலு பேரோடு பேச முடிந்தது. கொழும்பு மாடிவீட்டுக்காரருக்கு அதுவும் இல்லை.

வாட்டு நேர்ஸ்:
இரண்டு பேரும் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறீர்கள். தனக்குத் தானே செய்துகொள்வது வேறு, அடிபட்டு வருவது வேறு. பிரிட்டனில் கார்டிஃப் நகரத்து அவசரப் பிரிவுக் கணக்கில், வெளியே நடந்த அடிதடிக் காயம் ஊரடங்கில் நன்றாகக் குறைந்தது. வீட்டுக்குள் நடந்தது அப்படிக் குறையவில்லை. மொத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் அங்கேயும் கைதட்டியிருப்பார்கள்.

நான் வேலை செய்த இடத்தில் ஒரு அம்மா வந்தார். மேல்கையின் உள்பக்கம் நாலு விரல் தடம், கருநீலமாக. "கொழுந்து மலையில் சறுக்கிவிட்டேன் மிஸ்" என்கிறார். சறுக்கினால் முழங்காலிலும் உள்ளங்கையிலும் சிராய்க்கும், அங்கே ஒன்றும் இல்லை. கிளினிக் கொப்பியைப் பிடித்துக்கொண்டு புருஷன் பக்கத்திலேயே நிற்கிறார். பாஸும் அவர் பெயரில்தான். 'விழுந்தது' என்றே எழுதினார்கள். ஆஸ்பத்திரியில் வீட்டு வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் நட்பு நிலையம் இருக்கிறது, ஆனால் அங்கே போக அவர் தனியாக நிற்க வேண்டுமே.

கண்டிச்சீமை:
வன்முறை விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். அதற்காகப் பேராதனைத் தரவு பொய்யாகிவிடாது.

மஸ்கெலியாக்காரி:
பொய் என்று யார் சொன்னது? மஸ்கெலியாவில் இருந்து நாங்கள் பேராதனைக்கா ஓடுகிறோம்? டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத்தான் போவோம், அதற்கும் முதலில் தோட்டத்து மருந்தகம். அந்தப் புத்தகங்களையும் எடுத்துப் பார்த்துவிட்டு மலையகம் முழுவதற்கும் பேசுங்கள்.

வாட்டு நேர்ஸ்:
பார்க்கும்போது 'விழுந்தது' என்று எழுதியதையும் எண்ணுங்கள். இதை வாசிக்கும் யாருக்காவது மனம் தாங்கவில்லை என்றால் இலங்கையில் 1926 என்ற எண்ணுக்கு எடுங்கள். வீட்டில் அடி என்றால் பெண்களுக்கு 1938.