ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுத்த பிறகு வந்த சந்தோஷம்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

ஈசூன் அக்கா:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். "வீட்டில் இவ்வளவு பாடு இருக்கும்போது எப்படி அக்கா சிரித்த முகமாக இருக்கிறீர்கள்?" என்று சபையில் ஒரு தங்கச்சி கேட்டாள். நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோயால் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் 3 நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் கையை அசைக்காமல் கிடக்க வேண்டும். நிலையம் பக்கத்து பிளாக்கின் கீழ்த்தளத்திலேயே இருக்கிறது, அது பெரிய தயவு. ஆனால் முடிந்து வீட்டுக்கு வந்தால் சோறும் இறங்காது, பேசவும் தெம்பு இருக்காது, ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும், அதுவும் இந்தச் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில். காலையில் தே தாரிக் (நுரை வர ஆற்றிய பால் டீ) இல்லாமல் பேப்பரைத் தொடாத மனுஷர், ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுத் தாகத்தை அடக்குவார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உபவாசம் இருந்தேன், பொருத்தனை செய்தேன், முழு இரவு ஜெபத்துக்கும் போனேன். கேட்டதெல்லாம் ஒன்றுதான், குணமாக்கும் ஆண்டவரே. அப்படிக் கேட்பது தப்பே இல்லை. இயேசுவே கெத்செமனே தோட்டத்தில், சிலுவைப் பாடாகிய இந்தப் பாத்திரம் நீங்க வேண்டும் என்றுதானே முதலில் கேட்டார்? கேட்டுவிட்டுத்தான் "உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றார். லூக்கா 22ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான் தேவதூதன் வந்து பலப்படுத்துகிறான், வியாகுலமும் அதற்குப் பிறகுதான், வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்ததும் அதற்குப் பிறகுதான். ஒப்புக்கொடுத்த அந்த நிமிஷமே மனசு லேசாகிவிடும் என்று யாராவது சொன்னால், லூக்கா அப்படி எழுதவில்லை என்று நான் சொல்வேன்.

ஒரு ராத்திரி அவருக்குக் கால் தேய்த்துவிட்டுக்கொண்டே சொன்னேன். "ஆண்டவரே, இவர் எனக்குப் புருஷனாக வருவதற்கு முன்னாலேயே உம்முடைய பிள்ளை. வைத்தாலும் எடுத்தாலும் நீர் நல்லவர்தான். ஆனால் எங்களைத் தனியாக விடாதேயும்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அதற்குப் பிறகு ரத்தப் பரிசோதனை முடிவு ஒன்றும் மாறவில்லை, ஆனால் பயம் கொஞ்சம் கொஞ்சமாக என்னை விட்டுப் போனது, நாளைக்கு என்ன ஆகுமோ என்று ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் தூங்க ஆரம்பித்தேன். அவரும் மாறினார். பக்கத்து நாற்காலியில் வரும் சீன அங்கிள், எதிரில் இருக்கும் மலாய் மக்சிக் (ஆன்ட்டி) என்று ஒவ்வொருவருக்காகவும் பேர் சொல்லி ஜெபிக்கிறார். ஒரு நாள் அந்த அங்கிளின் நாற்காலி காலியாக இருந்தது என்று வீட்டுக்கு வந்து அழுதார். அதே சாயங்காலம் பேரன் ஏதோ மழலையில் உளறியதற்கு வயிறு குலுங்கச் சிரித்தார். முன்பெல்லாம் அழுகையும் வராது சிரிப்பும் வராது, சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். இதைத்தான் நான் சந்தோஷம் என்கிறேன்.

துவாஸ் தம்பி:

அக்கா, நான் ஷிப்யார்டு வேலை. 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக நாங்கள் தங்கியிருந்த தொழிலாளர் டாமிட்டரியை அடைத்தார்களே, அப்போது ஊரில் அப்பா தவறிவிட்டார். விமானமும் கிடையாது, ரூமை விட்டு வெளியே வரவும் கூடாது. அடக்க ஆராதனையை வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்தேன், கல்லறைக்குப் போகிற வழியில் சிக்னல் போய்விட்டது.

எனக்கு ஜெபமே வரவில்லை. சங்கீதம் 13 மட்டும் வாசித்தேன், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்குமே, அது. கீழ்க் கட்டிலில் இருந்த தர்மபுரி அண்ணன் வேற மதம்தான், ஆனால் விடிய விடிய என் கூடவே உட்கார்ந்திருந்தார். கர்த்தர் அனுப்பின ஆள் அவர்தான் என்று இப்போதும் நம்புகிறேன். அப்பாவைப் பார்க்க முடியலையே என்கிற கோபத்தை ஒரே நாளில் விட முடியவில்லை, பல மாசம் தினமும் காலையில் திரும்பத் திரும்ப கர்த்தர் கையில் கொடுத்தேன். பவுல் பிலிப்பியருக்கு "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று எழுதினது சிறையில் கட்டப்பட்டிருந்த நிலையில்தான். அடைபட்ட ரூமில் வாசிக்கும்போது அந்த நிருபம் எனக்கே எழுதினது போல இருந்தது. வெளியே விட ஆரம்பித்த பிறகு முதல் ஞாயிறு தமிழ் ஆராதனையில் பாட்டு ஆரம்பித்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது, ஆனாலும் பாடினேன். அப்பாவும் அங்கே பாடிக்கொண்டிருக்கிறார் என்று அன்றைக்கு மனசார நம்பினேன்.

தோ பாயோ பெரியவர்:

இரண்டு பேருக்கும் நன்றி. ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். பாடுபடுகிறவர் வீட்டுக்குப் போய் "சந்தோஷமாயிருங்கள்" என்று வசனத்தை எடுத்து நீட்டாதீர்கள். வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் சிநேகிதர்கள் 7 நாள் வாயைத் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் வினை. என் மனைவிக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது, சில நாள் என்னையே யார் என்று கேட்கிறாள். அவளுக்கு நான் சோறு ஊட்டும்போது பக்கத்தில் சும்மா உட்காருகிறவரே எனக்கு ஆறுதல்.

நம் சிங்கப்பூரிலேயே நடந்த ஒன்றை இளையவர்களுக்குச் சொல்கிறேன். ஜப்பானியர் காலத்தில் இங்கே ஆங்கிலிக்கன் பேராயராக இருந்தவர் லெனர்ட் வில்சன். 1943 அக்டோபரில் ஜப்பானிய இராணுவப் போலீஸான கெம்பெய்த்தாய் அவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கொடூரமாகச் சித்திரவதை செய்தது. "உன் கடவுள் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை?" என்று கேட்டார்கள். காப்பாற்றுகிறார், வலியிலிருந்து விடுவித்து அல்ல, அதைத் தாங்குகிற ஆவியைக் கொடுத்துக் காப்பாற்றுகிறார் என்பதுதான் அவர் சொன்ன பதிலின் சாரம். போருக்குப் பிறகு அவரை வதைத்தவர்களில் ஒருவரே விசுவாசியாகி வந்தார், அவருக்குத் திடப்படுத்தல் (தலையில் கை வைத்து ஜெபித்துச் சபையின் முழு அங்கமாக ஏற்பது) கொடுத்ததும் இதே பேராயர்தான். அடித்த கையை மன்னித்துத் தலையில் கை வைத்து ஜெபிக்க ஒரு மனுஷனுக்குச் சொந்தப் பலம் போதாது. என் மனைவி என்னை மறந்துபோகும் காலையில் அந்தப் பதிலைத்தான் எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

ஈசூன் அக்கா:

ஐயா, அம்மாவின் பெயரை எனக்குத் தனியாக அனுப்புங்கள், என் வீட்டுக்காரர் ஜெபத்தில் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார். தோ பாயோ எங்களுக்கு ஒரே ரயில் பாதைதான், அவருக்கு டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து இரண்டு பேரும் வந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறோம். தம்பி, ஞாயிறு ஆராதனை முடிந்து நேரமிருந்தால் எங்கள் வீட்டில் சாப்பிட வா. அந்தத் தர்மபுரி அண்ணன் இன்னும் இங்கேதான் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வா.